டைரக்டர் ஆக்கி அழகு பார்த்தவர்

சார், அந்தப் பேப்பரை மடக்கிறாதீங்க. ஒரு நிமிசம். மூணாம் பக்கம் திருப்புங்க. கீழ ஓரத்துல ஒரு போட்டோ இருக்கும் பாருங்க, கூலிங்கிளாஸ் போட்டு, காதுல போனை வச்சுக்கிட்டு ஒருத்தன். பாத்தாச்சா? இப்ப என் மூஞ்சியைப் பாருங்க. ஆங். நான்தான் சார் அது. மு. சோலைமலை.

அட, நகந்து உக்காராதீங்க. கொலை கேஸெல்லாம் ஒண்ணும் இல்லை. நீங்க எதுவரைக்கும்? எக்மோரா? நானும் எக்மோர்தான். அப்பச் சரி, நிதானமாச் சொல்லலாம். நிதானமா எங்கிட்டுச் சொல்ல, காலையில இருந்து காலு தரையில பாவலை எனக்கு. பல்லு விளக்கும்போதே சிரிச்சுக்கிட்டு இருந்தேன்னு என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் சொல்றா.

இந்தா, போன் அடிக்குது பாருங்க. முதலாளிதான். வண்டி மதுரையை விட்டுக் கிளம்புன கொஞ்ச நேரத்துல இருந்து அடிக்கிறாரு. எடுக்கமாட்டேன். ஏன்னு பின்னால சொல்றேன். அடிக்கட்டும், கேக்க நல்லாத்தான இருக்கு.

முதல்ல ஆளைச் சொல்லிர்றேன். நான் ஒரு டிரைவர். மதுரையில ரத்தினசபாபதின்னு பெரிய மர யாவாரி, வெளிதேசத்துல இருந்து கப்பல்ல தேக்கு இறக்கி விக்கிறவரு, அவருக்குக் கார் ஓட்டுறேன். கல்யாணத்துக்கு முன்ன இருந்தே ஓட்டுறேன். எனக்குத் தாலி வாங்கிக் குடுத்ததே அவருதான். வண்டியில ஒரு கீறல் கிடையாது. ஒரு போலீஸ்காரன் என்னை ஓரங்கட்டி அபராதம் எழுதுனது கிடையாது. ஒரு ரூவா. கிடையாது சார். இதை மனசுல வச்சுக்கிருங்க, பின்னால வேணும்.

அதோட நான் ஒரு டைரக்டரு. சினிமா டைரக்டர் இல்லை, எல்லாரும் அதைத்தான் கேக்குறாக. கம்பெனி டைரக்டரு. ப்ளூ கோகனட் ஓவர்சீஸ் லிமிடெட், செயிண்ட் பெனட்டோ தீவு. கடலுக்குள்ள எங்கயோ கிடக்காம் அந்தத் தீவு. நம்ம தெப்பக்குளம் மாதிரி நாலு சேத்தா அம்புட்டுத்தானாம், ஆனா கம்பெனி மட்டும் ஆயிரக்கணக்குல இருக்காம். அதுல நம்ம கம்பெனிக்கு டைரக்டர் ஒரே ஒரு ஆளு. அந்த ஆளு உங்க பக்கத்துல உக்காந்து உங்க முழங்கையை இடிச்சுக்கிட்டு இருக்கான்.

சார் சார், ஜன்னலைப் பாருங்க. வாடிப்பட்டி வரப்போகுது. தண்டவாளத்தை ஒட்டி ஒரு ஆட்டுக்கொட்டாய் வரும், கூரையைப் பாருங்க. கூரையை மட்டும் பாருங்க. இந்தா... இந்தா... போச்சு. பாத்தீங்கள்ல? கூரையில மல்லாந்து கிடந்தது நான்தான். பேப்பர்ல இருக்கிற அதே படம், முழுசா. இருபதடி பிளெக்ஸு. அதை ஆட்டுக்குக் கூரையாப் போட்டு வச்சிருக்கான் பிச்சைமணி. பிச்சைமணின்னா என் தங்கச்சி புருசனோட அண்ணன், மாஜி கவுன்சிலரு. என் மூஞ்சிக்குக் கீழ ஆடு புழுக்கை போட்டுக்கிட்டு இருக்கு. முந்தி இதை நினைச்சா வயிறு எரியும். இன்னைக்குச் சிரிப்பா வருது. ஏன்னா அந்தப் பிளெக்ஸுதான் சார் கதையே.

டைரக்டர் ஆனதைச் சொல்லணும்ல. ரொம்ப வருசம் ஆச்சு. ஒருநா வண்டியைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன், முதலாளி உள்ள கூப்பிட்டாரு. ஏசி ரூம். ஆடிட்டர் குமரகுரு இருக்காரு. முதலாளி என்னையப் பாத்து, உக்காரு சோலைன்னாரு. சார், அந்த மனுசன் முன்னாடி நான் அதுவரைக்கும் ஸ்டீயரிங் பிடிச்சுத்தான் உக்காந்திருக்கேன். நாற்காலியில உக்காந்ததில்லை. நுனியில உக்காந்தேன். பாஸ்போர்ட்டு இருக்கான்னு கேட்டாங்க. துபாய்க்கு டிரைவர் வேலைக்குப் போறேன்னு ஒரு காலத்துல எடுத்து வச்சது, இருந்துச்சு. காட்டுன இடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டேன். என்னா சார் இதுன்னு ஆடிட்டர்கிட்டக் கேட்டா, அவரு சிரிச்சுக்கிட்டே, நீ இனிமே டைரக்டர்டான்னாரு. முதலாளி எந்திரிச்சு வந்து தோள்ல தட்டி, வெளிய சொல்லாத சோலை, கண்ணு பட்டுரும்னாரு.

கண்ணு பட்டுரும்னு சொன்னாரு பாருங்க. பெத்த தகப்பன் சொல்ற சொல்லு சார் அது. நானும் வாயைத் திறக்கலை. பஞ்சவர்ணத்துக்கே தெரியாது. சிக்னல்ல வண்டி நிக்கும்போது, பக்கத்துக் கார்ல இருக்கிறவனைப் பாத்து, அடேய், நீ வெறும் ஓனர்தாண்டா, நான் டைரக்டருன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிருவேன். அம்புட்டுத்தான். அந்த சந்தோசமே எனக்குப் போதுமா இருந்துச்சு.

அதைக் கெடுத்தது காதுகுத்து. கெடுத்ததுன்னு சொல்லக்கூடாது, நல்லது பண்ணதும் அதுதான்.

என் தங்கச்சி ஈஸ்வரிக்குக் கலியாணமாகி ரொம்ப நாளு பிள்ளை இல்லை. அவ மாமியா வீட்டுல அவளைப் பேசாத பேச்சில்லை. கடைசியில ஒரு பொம்பளைப்பிள்ளை பிறந்துச்சு, யாழினின்னு பேரு. பிள்ளைக்குக் காதுகுத்து, நான் தாய்மாமன். எங்க பக்கம் தாய்மாமன் சீருன்னா சும்மா இல்லை சார். கிடாய், பழத்தாரு, பித்தளைப் பானை, மேளம், வேட்டு. அதுக்கெல்லாம் முதல்ல பிளெக்ஸு. இந்தப் பிச்சைமணி மண்டபத்து வாசல்ல தன் பிளெக்ஸை முன்னாடியே கட்டிட்டான். மாஜி கவுன்சிலர், மார்க்கெட் சங்கச் செயலாளர், கபடிக் கழகப் புரவலர்ன்னு பேருக்குக் கீழ பட்டமா அடுக்கி வச்சிருக்கான். நான் செல்லூர்ல ஒரு பிளெக்ஸ் கடைக்குப் போனேன். டிசைன் பண்ற தம்பி என்னைய ஏற இறங்கப் பாத்துட்டு, அண்ணே, உங்க பேருக்குக் கீழ என்னா போடன்னு கேட்டான். டிரைவர்னு சொன்னேன். அவன் மூஞ்சியைச் சுழிச்சான். டிரைவர்னு போட்டா எடுப்பா இருக்காதுண்ணேன்னான்.

எனக்குக் கண்ணு முன்னால ஈஸ்வரி மூஞ்சி வந்து நின்னுச்சு. அம்புட்டுப் பேச்சு வாங்குன பிள்ளை. அவளுக்கு அண்ணன்னு வாசல்ல நிக்கப்போறவன் நான். வந்தது வரட்டும்னு சொல்லிட்டேன். போடுறா தம்பி, ப்ளூ கோகனட் ஓவர்சீஸ் லிமிடெட் நிறுவனத்தின் ஏக டைரக்டர்ன்னு.

அப்புறம், பிளெக்ஸுன்னா மேல வட்டத்துக்குள்ள ஒரு பெரிய மனுசன் படம் இருக்கணும், அதுதான முறை. அவனவன் நடிகரைப் போடுவான், கட்சித் தலைவரைப் போடுவான். நான் நன்றி கெட்டவன் இல்லை சார். என் முதலாளி படத்தைப் போட்டேன். சுத்தி ஒளிவட்டம். அதுக்குக் கீழ, டைரக்டர் ஆக்கி அழகு பார்த்த எங்கள் வள்ளல் ரத்தினசபாபதி அவர்களுக்கு நன்றின்னு கொட்டை எழுத்துல. வலது பக்கம் ரெண்டு சிங்கம். நடுவுல யாழினி, தலையில கிரீடம்.

ஆத்தாடி, அன்னைக்கு மண்டபத்துல பாக்கணுமே. பிச்சைமணி எங்க பிளெக்ஸு முன்னாடி நின்னு படிச்சான், திரும்பப் படிச்சான். அவன் பொஞ்சாதி போய்க் கூப்பிடுற வரைக்கும் நகரலை. ஈஸ்வரி என் கையைப் பிடிச்சு, நெசமாண்ணேன்னு கேட்டா. நெசம்தான் ஆத்தான்னேன். அவ அன்னைக்கு நடந்த நடையை இப்ப நினைச்சாலும் எனக்குக் கண்ணு கலங்கிரும். முதலாளி வரலை, அவரு அப்ப சிங்கப்பூர்ல இருந்தாரு. அவரு பிளெக்ஸைப் பாக்கலையேன்னு எனக்கு ஒரே வருத்தம்.

முறுக்கு சாப்பிடுறீங்களா? மணப்பாறை முறுக்கு. ஏம்மா, ரெண்டு பாக்கெட் குடு. சும்மா வச்சுக்கிருங்க சார், ஒரு டைரக்டர் வாங்கித் தர்றேன்.

எங்க விட்டேன்? ஆங், பிளெக்ஸு. அந்தக் கடைக்காரத் தம்பி, நல்லா வந்த டிசைனையெல்லாம் பேஸ்புக்குல போடுவான், யாவாரத்துக்கு. என்னுதையும், அதுல இருக்கிற எழுத்தை அப்படியே மேல அடிச்சுப் போட்டிருக்கான். எனக்குத் தெரியாது. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மத்தியானம் வீட்டு வாசல்ல கார் வந்து நிக்குது. ரெண்டு பொம்பளைங்க இறங்குறாக. ஒண்ணு மெட்ராஸ்ல இருந்து, நிலோஃபர்னு பேரு, பத்திரிகைக்காரப் பிள்ளை. கூட ஒரு வெள்ளைக்கார அம்மா, இங்கிரிட். அதுவும் பத்திரிகைதான், ஜெர்மனியில. மிஸ்டர் சோலைமலையான்னு கேக்குது அந்தம்மா. மிஸ்டர் சோலைமலை. பஞ்சவர்ணம் கையில இருந்த கரண்டியோட அப்படியே நிக்கிறா.

பருத்திப்பால் வாங்கிட்டு வரச் சொன்னேன். அந்த வெள்ளைக்காரம்மா ஒரு டம்ளர் குடிச்சுட்டு இன்னொண்ணு கேட்டு வாங்கிக் குடிச்சுச்சு. பிறகு நிலோஃபர் சொல்லுச்சு சார், நான் கேட்டு ஆடிப்போயிட்டேன். அந்தத் தீவுல கம்பெனி நடத்திக் குடுக்கிற வக்கீல் ஆபீசு ஒண்ணுல இருந்து காகிதமெல்லாம் கசிஞ்சு போச்சாம். லட்சக்கணக்குல. அதை ஒரு பத்திரிகை ஒத்தையாப் படிச்சு முடிக்க முடியாதுன்னு, பல தேசத்துக்காரங்க பங்கு போட்டுக்கிட்டுப் படிச்சிருக்காங்க. அதுல எங்க பாத்தாலும் என் பேரு. சோலைமலை முத்தையா, ஏக டைரக்டர். யாருடா இந்த ஆளுன்னு ஊர் உலகமெல்லாம் தேடியிருக்காங்க சார். ஜெர்மனியில, இப்படி ஒரு ஆளே இருக்கமாட்டான், பொய்ப் பேருன்னு முடிவு கட்டிட்டாங்களாம். ஆப்பிரிக்காவுல மரம் ஏத்துற துறைமுகத்துல ஒரு பத்திரிகைக்காரரு, நான் மலேசியாவுல பெரிய கோடீஸ்வரன், ஆளை வெளிய காட்டமாட்டான்னு எழுதியே வச்சிருந்தாராம். நான் பாட்டுக்கு இங்க ஆரப்பாளையத்துல பங்ச்சர் ஒட்டிக்கிட்டு இருக்கேன்.

ஒருநா நிலோஃபர் சோத்தைத் தின்னுக்கிட்டே, சும்மா விளையாட்டுக்கு, அந்தக் கம்பெனி பேரைத் தமிழ் எழுத்துல அடிச்சுப் பாத்திருக்கு. டொப்புன்னு வந்து விழுந்திருச்சு நம்ம பிளெக்ஸு. ரெண்டு சிங்கம், கிரீடம், நானு, வட்டத்துக்குள்ள முதலாளி. அதைப் பாத்துட்டு அந்தப் பிள்ளை ஆபீஸுல கத்துன கத்துல காவக்காரன் ஓடியாந்துட்டானாம். ஏன்னா எல்லாத் தேசத்துக்காரனும் தேடுனது என்னைய மட்டும் இல்லையாம், எனக்குப் பின்னால இருக்கிறது யாருன்னுதானாம். அது ஒரு காகிதத்துலயும் இல்லை. என் பிளெக்ஸுல இருக்கு. ஒளிவட்டத்தோட இருக்கு.

நான் என்னா சொன்னேன்னா, பின்னால எல்லாம் இல்லம்மா, முறைப்படி மேலதான் போட்டிருக்கேன்னேன். அதுக்கு ரெண்டும் சிரிக்குதுங்க.

அப்புறம் நிலோஃபர் எனக்கு விளக்கிச் சொல்லுச்சு. ஆப்பிரிக்காவுல மரத்தை அடிமாட்டு விலைக்கு வாங்குறாங்க. காகிதத்துல அதை நம்ம ப்ளூ கோகனட்டு வாங்குது. அதே மரத்தை மூணு மடங்கு விலைக்கு முதலாளியோட மர டிப்போவுக்கு விக்குது. மரம் தீவுப் பக்கமே போகலை, நேரா தூத்துக்குடிக்குத்தான் வருது. ஆனா லாபம் மட்டும் தீவுல இறங்கிருது. இங்க கணக்குப் பாத்தா முதலாளிக்கு வருசா வருசம் நட்டம், வரியே இல்லை. மரத்தைக் குடுத்த அந்தத் தேசத்துக்கும் ஒண்ணும் இல்லை. அங்க மரம் ஏத்துற ஊர்ல பள்ளிக்கூடத்துக்குக் கூரை கிடையாதாம், அந்தப் பத்திரிகைக்காரரு போட்டோ அனுப்பியிருந்தாரு. பிள்ளைங்க வெயில்ல உக்காந்து படிக்குதுங்க. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா உண்மையைச் சொல்றேன் சார், அந்த நேரத்துல என் மனசுல ஓடுனது, நம்ம கம்பெனி இம்புட்டுப் பெரிய கம்பெனியாங்கிறதுதான்.

நிலோஃபர் அதைக் கண்டுக்கிருச்சு போல. கிட்ட வந்து உக்காந்து சொல்லுச்சு.

“அண்ணே, நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா அவரு கையைக் கழுவிருவாரு. எல்லாம் உங்க பேர்ல இருக்கு. பிளெக்ஸைக் காட்டுனா, டிரைவர் தானாப் போட்டுக்கிட்டான்னு சொல்லித் தப்பிச்சிருவாரு. கம்பெனி என்னுதுன்னு அவரு வாயால சொன்னாத்தான் உண்டு. அதை அவரு சாகுறவரைக்கும் சொல்லமாட்டாரு.”

எனக்குச் சுர்ருன்னு கோவம் வந்துருச்சு. என் வீட்டுல உக்காந்து என் முதலாளியைப் பேசுறியான்னு கேட்டுட்டேன். பருத்திப்பால் குடிச்ச வாயால பேசுறியான்னு கேட்டேன். அந்தப் பிள்ளை கோவிச்சுக்கலை. நம்பர் எழுதிக் குடுத்துட்டு, எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கண்ணேன்னுட்டுப் போச்சு.

ஒரே நாள்ல எல்லாத் தேசத்துலயும் பேப்பர்ல வந்துச்சு. டிப்போவுக்கு வருமான வரி ஆபீசருங்க வந்துட்டாங்க, ஜீப்பு ஜீப்பா. நான் வண்டியோட வாசல்ல நிக்கிறேன், ஜன்னல் திறந்திருக்கு, எல்லாம் காதுல விழுகுது. ப்ளூ கோகனட் யாருதுன்னு கேக்குறாங்க. முதலாளி சொன்னாரு சார். எனக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அது என் டிரைவர் சோலைமலையோட சொந்தக் கம்பெனி, அவன் தனியா நடத்துறான், நான் அவன்கிட்ட மரம் வாங்குறேன், அம்புட்டுத்தான்னு சொன்னாரு. எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டாரு.

நான் அங்கயே அழுதுட்டேன். கை கழுவிருவாருன்னு சொல்லுச்சே அந்தப் பிள்ளை. கழுவுனாரா? அம்புட்டுப் பெரிய ஆபீசருங்க முன்னாடி, அவன் கம்பெனி, நான் அவன்கிட்ட வாங்குறவன்னு தன்னைத் தாழ்த்தி என்னைய உசத்திச் சொன்னாரு. எந்த முதலாளி சொல்லுவான்? ஒரு ஆபீசர் வெளிய வந்து, உன்னுதாய்யான்னு கேட்டாரு. ஆமா சார், முதலாளி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னேன். முதலாளி என் தோளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. அவரு உடம்பு நடுங்குச்சு. பாசம்.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? தொண்டையில முறுக்கு ஏதும் மாட்டிக்கிருச்சா? தண்ணி குடிங்க.

இந்தா, மறுபடியும் அடிக்கிறாரு. திருச்சி தாண்டுனதுல இருந்து நிக்காம அடிக்கிறாரு.

சரி, கேளுங்க. அதுக்குப் பிறகுதான் கஷ்டம் வந்துச்சு. முதலாளி ஒண்ணும் பண்ணலை, ஊருதான். பேப்பர்ல வரி ஏய்ப்புன்னு போட்டுட்டாங்கள்ல, என் படத்துக்குக் கீழ. பிச்சைமணிக்குச் சக்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி ஆகிப்போச்சு. மண்டபத்துக்காரன்கிட்ட இருந்து என் பிளெக்ஸைக் கேட்டு வாங்கி, ரயில்ல போற வர்றவன் பாக்கட்டும்னு ஆட்டுக்கொட்டாயில விரிச்சுட்டான். ஈஸ்வரி போன் பண்ணி அழுகிறா. கவர்மெண்டை ஏமாத்துன காசுலதான் உங்கண்ணன் சீர் செஞ்சானான்னு கேக்குறாங்களாம். தண்ணிக் குழாயடிக்குப் போக முடியலையாம். பிள்ளை காதுல கிடக்கிற தோட்டைப் பாத்துத் திருட்டுத் தோடுன்னு அவ மாமியா சொல்லிருக்கு. சார், அந்தத் தோடு என் சம்பளத்துல சீட்டுப் போட்டு வாங்குனது. அதைப் போய்.

அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. வண்டி ஓட்டுறவன் ஒரு சிக்னலைத் தாண்டுனதில்லை, அபராதம் கட்டுனதில்லை, அவனைப் பாத்துத் திருடன்னா எப்படி? பஞ்சவர்ணம்தான் பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்தை கேட்டா. ஏங்க, கம்பெனி உங்களுதுதான, வரி பாக்கின்னா கட்டிர வேண்டியதுதானன்னா. வீட்டு வரி கட்டலையா, தண்ணி வரி கட்டலையா, அது மாதிரி இதையும் கட்டிட்டு ரசீதைக் கொண்டுபோய் அந்தப் பிச்சைமணி மூஞ்சியில ஒட்டுங்கன்னா.

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஏன் சார், இம்புட்டுப் பெரிய பத்திரிகைக்காரங்க, ஆபீசருங்க, ஆடிட்டரு, ஒருத்தருக்குமா இது தோணலை? கட்டிட்டாப் போச்சு.

நிலோஃபருக்குப் போனைப் போட்டேன். அம்மா, கோவிச்சுக்காத, நான் வரி கட்டணும், முழுசா, அபராதத்தோட, எப்படின்னு கேட்டேன். அந்தப் பிள்ளை மெதுவாக் கேக்குது, அண்ணே, நெசமாத்தான் சொல்றீங்களான்னு. ஏக டைரக்டர் சொல்றேன்னேன். அது சிரிச்ச சிரிப்பு இருக்கே, சிரிச்சு, அழுது, மூக்கைச் சிந்தி, இருங்கண்ணே இங்கிரிட்டை எழுப்புறேன்னு ஓடிருச்சு. பிறகு ஒரு வக்கீலம்மாவைப் பிடிச்சாங்க. தீவுக்கு எழுதிக் கேட்டா, கம்பெனிக் கணக்குல கிடக்கிற பணத்தை டைரக்டர் கையெழுத்துப் போட்டா அனுப்பிர்றோம், அவரைத் தவிர வேற யாரு கேட்டாலும் குடுக்கமாட்டோம்னு பதில். முதலாளியும் எனக்குச் சம்பந்தமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாருல்ல, அதனால குறுக்க வர ஆளே இல்லையாம். நிலோஃபர் சொல்லுச்சு, இது மாதிரி உலகத்துல எங்கயும் நடந்ததில்லைண்ணேன்னு. நான் கேட்டேன், அந்தக் கூரை இல்லாத பள்ளிக்கூடத்துக்கும் ஏதும் அனுப்ப முடியுமாம்மான்னு. அந்தத் தேசத்துக்குச் சேர வேண்டியதும் இருக்குண்ணே, அதுக்கும் எழுதலாம்னுச்சு. எழுதும்மா, கையோட முடிச்சிருவோம்னேன்.

இன்னைக்கு மெட்ராஸ்ல ஆபீசர் முன்னாடி கையெழுத்து. அதுக்குத்தான் போறேன். எக்மோர்ல நிலோஃபர் வந்து நிக்கும். அபராதமெல்லாம் போக என்னா மிஞ்சும்னு வக்கீலம்மாகிட்டக் கேட்டேன். ஒண்ணும் மிஞ்சாதுங்க, சுத்தமாத் துடைச்சிரும்னாங்க. மிஞ்சுனா முதலாளிக்குக் குடுக்கலாம்னு நினைச்சேன். எனக்கு எதுக்கு சார், எனக்குச் சம்பளம் இருக்கு.

முதலாளிக்குத் தெரியாது. முடிச்சுட்டு, ரசீதோட போய் அவரு காலடியில வச்சு, முதலாளி, உங்களுக்கு இருந்த கெட்ட பேரை நான் துடைச்சுட்டேன்னு சொல்லணும்னு இருந்தேன். அதான் போனை எடுக்கலை. ஆனா பஞ்சவர்ணம் வாய் நிக்காது. காலையிலயே கேசரி கிண்டி வச்சுக்கிட்டு, என்னைய ஏத்தி விட்ட கையோட முதலாளியம்மாவைப் பாக்கப் போறேன்னா. சொல்லிருப்பா. அந்த சந்தோசத்துலதான் மனுசன் இந்த அடி அடிக்கிறாரு.

பாருங்க, எத்தனை தடவை கூப்பிட்டிருக்காருன்னு. போனே சுடுது. எடுத்திரவா? விழுப்புரம் தாண்டியாச்சு, இனி என்னா ஒளிவு மறைவு. பாவம், பெரிய மனுசனை ரொம்பக் காக்க வைக்கக் கூடாது. எடுக்குறேன். நீங்க பாட்டுக்கு இருங்க சார், நீங்க கேக்கக்கூடாதது ஒண்ணும் இல்லை.

முதலாளி, சோலைதான்... ஆமா முதலாளி... பஞ்சவர்ணம் சொல்லிட்டாளா, நினைச்சேன்... ஆமா, அம்புட்டுக்கும்தான். பைசா பாக்கி வைக்காம... இல்லை முதலாளி, இறங்கல்லாம் முடியாது, வண்டி ஓடிக்கிட்டு இருக்கு... நீங்க எதுக்கு முதலாளி... முதலாளி? முதலாளி?

சார், அழுகிறாரு.

நெசமா சார். என் காதுல கேட்டேன். எங்கப்பன் செத்தப்பக்கூட எனக்காக யாரும் இப்படி அழுததில்லை. ஏங்கி ஏங்கி அழுகிறாரு. என்னா சொன்னாரு தெரியுமா?

“அது என்னுதுடா சோலை. அம்புட்டும் என்னுதுடா. உன்னையப் பேருக்குத்தாண்டா வச்சேன்.”

திரும்பத் திரும்ப இதையே சொல்லி அழுதாரு. அப்புறம் பேச முடியலை போல, வச்சுட்டாரு.

பாத்தீங்களா சார் மனசை? கடைசி நேரத்துல, நான் போய் அபராதம் கட்டுறதைத் தாங்க முடியாம, பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாரு. டிரைவரைக் காப்பாத்த ஒரு முதலாளி, என்னுது என்னுதுன்னு கதறுறாரு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு, கையைத் தொட்டுப் பாருங்க. அந்த நிலோஃபர் என்னா சொல்லுச்சு? அவரு வாயால சாகுறவரைக்கும் சொல்லமாட்டாருன்னுச்சு. இப்பச் சொல்லிட்டாருல்ல?

என்னாது? ஆமா, ரெக்கார்டு ஆயிருக்கும். என் போன்ல யாரு பேசுனாலும் அதுவாப் பதிஞ்சுக்கிரும். ஓட்டும்போது முதலாளி நாலு அட்ரஸ் சொல்லுவாரு, மறந்துரக்கூடாதுன்னு வச்சது. நல்லவேளை கேட்டீங்க. இதை முதல்ல அந்த ஆபீசருக்குப் போட்டுக் காட்டணும். அப்புறம் நிலோஃபருக்கு அனுப்பணும், ஜெர்மனி, ஆப்பிரிக்கா எல்லாத்துக்கும் போகட்டும். எம்மேல என்னா பழின்னாலும் பரவாயில்லை, என் முதலாளி எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உலகத்துக்குத் தெரியணும்ல.

சார், பேனா வச்சிருக்கீங்களா? இந்தப் பேப்பர் ஓரத்துல, அவரு சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதிக் குடுங்க. கொட்டை எழுத்துல எழுதுங்க. அடுத்த பிளெக்ஸுல வட்டத்துக்குக் கீழ அதைத்தான் போடப்போறேன்.